இழுக்கும் கை: ஒகினாவா கராத்தே தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

கராத்தே வகுப்பு நடக்கும் இடத்தைக் கடந்து சென்ற எவரும் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். வரிசையில் நிற்கும் மாணவர்கள் ஒரு கையால் முன்னே குத்தும்போது, மற்றொரு கை முஷ்டியாக மடங்கி விலாவருகே வந்து நின்றுகொள்ளும். சண்டை நடக்கும்போது முகத்தைக் காக்க வேண்டிய கையை ஏன் இடுப்பில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று கேட்டால், குத்துக்கு வேகம் கிடைக்கும், உடல் சமநிலையில் நிற்கும் என்பதுபோன்ற பதில்கள் வரும். நான் வெள்ளை பெல்ட் கட்டியிருந்த நாளில் இதே கேள்வியைக் கேட்டேன். என் ஆசிரியர் பதில் சொல்லவில்லை; என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தம் விலாப்பக்கம் வெடுக்கென்று இழுத்தார். நான் நிலைகுலைந்து முன்னே சரிந்தபோது அவருடைய மறு முஷ்டி என் தாடையிலிருந்து ஓர் அங்குலத்தில் நின்றது. இடுப்புக்கு வரும் அந்தக் கை சும்மா வருவதில்லை, எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அப்போது விளங்கியது. ஜப்பானிய மொழியில் அதன் பெயரே ‘ஹிகிதே’, அதாவது இழுக்கும் கை. ஒகினாவாவின் பழைய கராத்தே எப்படிச் சிந்திக்கிறது என்பதை அறிய விரும்புபவர் இந்தக் கையிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நான் கருதுகிறேன்.

ஒகினாவா இன்று ஜப்பானின் தென்கோடி மாநிலம். ஆனால் 1429-இல் ஷோ ஹாஷி என்ற மன்னர் தீவின் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கியதிலிருந்து 1879-இல் ஜப்பான் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது வரை, ஷூரி அரண்மனையைத் தலைமையிடமாகக் கொண்ட ரியூக்யூ என்ற தனி அரசு அங்கே இருந்தது. சீனாவுக்குத் திறை அனுப்பி வணிகம் செய்த அந்த அரசை 1609-இல் ஜப்பானின் சத்சுமா படை தாக்கி, வெளியே தெரியாத கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை உழவர்கள் சாமுராய்களை எதிர்க்க இரவில் இரகசியமாகக் கண்டுபிடித்த கலையே கராத்தே என்ற கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு எழுச்சியூட்டும் கதைதான். எனினும், நமக்குப் பெயர் தெரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர்களில் பலர் அரசாங்கப் பணியில் இருந்த மேட்டுக்குடியினர். அவர்களில் பெரும்புகழ் பெற்ற மட்சுமுரா சோகோன் அரச குடும்பத்துக்கே பணியாற்றியவர். ஆயுதம் வைத்துக்கொள்ள இடமில்லாத சூழலில், கலகக்காரரையோ குடிகாரரையோ கைகளால் பிடித்து அடக்க வேண்டிய தேவை அத்தகையோருக்கு இருந்தது என்று எண்ணிப் பார்த்தால், கராத்தேயில் பிடியும் இழுப்பும் ஏன் அவ்வளவு மிகுதியாக இருக்கின்றன என்பது புரியும்.

அக்காலத்தில் அந்தக் கலைக்கு ‘தி’ அல்லது ‘தே’ என்று பெயர். ‘கை’ என்பதே அதன் பொருள். சீனாவின் பூஜியன் பகுதியோடு நடந்த போக்குவரத்தால் சீனச் சண்டை முறைகள் அதில் கலந்தபின் ‘தோதே’, அதாவது சீனக் கை, என்ற பெயர் வந்தது. ஷூரி, நாஹா, டோமாரி என்ற மூன்று ஊர்களின் பெயரால் பிற்காலத்தில் அதை ஷூரி-தே, நாஹா-தே, டோமாரி-தே என்று பிரித்துச் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊர்கள் என்பதால் இந்தப் பிரிவை ஒரு வசதியாகக் கொள்ள வேண்டுமே தவிர, மதில் எழுப்பிய பிரிவாக எண்ணக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கராத்தே என்றதும், காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே அதன் மூலவர் என்ற பேச்சு உடனே எழும். போதிதர்மர் மீது நமக்கு இருக்கும் மதிப்பு ஒருபுறம் இருக்க, அவரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் செய்தி, அவருக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு சீன உடற்பயிற்சி நூலிலிருந்தே கிளம்புகிறது. ஒகினாவாவின் கராத்தே ஆசிரியர் இத்தோசு அன்கோ 1908-இல் தாம் எழுதிய பத்துக் குறிப்புகளின் தொடக்கத்திலேயே, இக்கலை பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டார்.

இத்தோசுவைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இன்று உலகம் முழுவதும் காணும் வகுப்பின் வடிவம் பெரும்பாலும் அவரால் வந்தது. அதற்குமுன் ஓர் ஆசிரியர் தம் வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று பேருக்கு, ஆளுக்கு ஏற்றபடி, ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். இத்தோசு 1901-இல் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் அதைப் பாடமாக்கினார். சில ஆண்டுகளில் அது மேல்நிலை மாணவர்களையும் எட்டியது. ஒரே ஆசிரியர் பல சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததால், வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லிப் பயிற்றுவிக்கும் முறை வந்தது. சிறுவர்களுக்கு ஏற்றவாறு பினான் என்ற ஐந்து கட்டாக்களையும், அதாவது தனியே ஆடும் அசைவுத் தொடர்களையும், அவர் அமைத்துக் கொடுத்தார். கண்ணையும் தொண்டையையும் மூட்டையும் குறிவைக்கும் அசைவுகளின் பொருளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. எனவே அவை ‘தடு, குத்து’ என்ற எளிய விளக்கமாகச் சுருங்கின. அந்த முடிவால்தான் கராத்தே அழியாமல் பிழைத்தது. ஆனால் அசைவு கையில் இருக்க, அதன் பொருள் மெல்ல நழுவியதும் அந்த முடிவால்தான். உடலுறுதியும் ஒழுக்கமும் கொண்ட மாணவர்கள் இராணுவத்துக்கும் பயன்படுவார்கள் என்றும் அவர் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கராத்தே குணத்தை வளர்க்கும் என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்த காலத்தின் நிழல் அதில் படிந்திருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இத்தோசுவிடமும் அசாத்தோ அன்கோவிடமும் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் கராத்தேயை நிகழ்த்திக் காட்டி, அங்கேயே தங்கிப் பரப்பினார். ஒகினாவா ஆசிரியர்கள் 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடி, சீனக் கை என்ற எழுத்தை விட்டு ‘வெறுங்கை’ என்று பொருள்படும் எழுத்தால் கராத்தே என எழுதுவதைப் பற்றி விவாதித்தார்கள். அந்த நாளே இன்று ஒகினாவாவில் கராத்தே நாள். ஜப்பான் பெருநிலத்தில் கராத்தே பல்கலைக்கழக மாணவர்களின் கையில் வளர்ந்து, நிலைகள் நீண்டு தாழ்ந்து, தூரத்திலிருந்து பாய்ந்து புள்ளி எடுக்கும் போட்டியாக மலர்ந்தது. அந்தப் போட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் தங்கம் வென்ற கியுனா ரியோ ஒகினாவாக்காரர்தான். ஆயினும் தற்காப்பைத் தேடி வருபவர், போட்டியின் தூரமும் தெருவின் தூரமும் வேறு வேறு என்பதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

ஒகினாவாவில் இன்று பெரிதாக வழங்கும் பிரிவுகள் மூன்று. ஷூரி வழியில் வந்த ஷோரின்-ரியு இயல்பான, சற்று உயர்ந்த நிலைகளையும் விரைவையும் நம்புவது. நாஹாவின் ஹிகாஒன்னா கன்ரியோவிடம் பயின்ற மியாகி சோஜுன் அமைத்த கோஜு-ரியு, ‘கடினமும் மென்மையும்’ என்ற தன் பெயருக்கு ஏற்ப, இறுக்கத்தையும் தளர்வையும் மூச்சோடு பிணைப்பது. உவேச்சி கன்புன் 1897-இல் சீனாவின் பூஜோவுக்குச் சென்று பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்தது உவேச்சி-ரியு. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகைகளில் காணும் ஷோட்டோகானும் ஷிட்டோ-ரியுவும், பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஒகினாவா ஆசிரியர்கள் அங்கே வளர்த்தவை. அவற்றில் இருப்பவர்களும் இங்கே சொல்லப்போவதைத் தம் கட்டாக்களில் தேடிக் காணலாம்.

கட்டா என்பது என்ன? கற்பனை எதிரிகளோடு ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் தனியே ஆடும் அசைவுத் தொடர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை ஏடு என்று சொல்வேன். பழைய ஆசிரியர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. இருந்தவற்றிலும் பல 1945-இல் ஒகினாவாவில் நடந்த கொடும்போரில் அழிந்தன, ஆசிரியர்கள் பலரும் மாண்டார்கள். எஞ்சிய உடல்களில் எழுதப்பட்டிருந்ததே நமக்குக் கிடைத்தது. எழுத்து தெரியாமல் ஏட்டைத் தலைகீழாகப் பிடித்திருப்பவரைப்போல, பொருள் தெரியாமல் கட்டா ஆடுபவரும் உண்டு. அந்தப் பொருளைப் படித்தெடுக்கும் பயிற்சிக்குப் ‘புங்காய்’ என்று பெயர்.

நைஹான்ச்சி என்ற பழைய கட்டாவை எடுத்துக்கொள்வோம். குதிரைமேல் அமர்ந்ததுபோல் கால்களை அகட்டி, முன்னும் பின்னும் போகாமல் பக்கவாட்டிலேயே நகரும் கட்டா அது. தொடக்கத்தில் ஒரு கை விரிந்து பக்கமாக நீள்கிறது. அடுத்து, மறு கையின் முழங்கை வந்து அந்த உள்ளங்கையிலேயே மோதுகிறது. தன் கையைத் தானே அடித்துக்கொள்வதில் என்ன பயன் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஒருவரை எதிரே நிறுத்திப் பாருங்கள். நீண்ட கை அவருடைய பிடரியைப் பற்றியிருக்கிறது; முழங்கை மோதும் இடத்தில் உள்ளங்கைக்கு முன்னால் அவருடைய முகம் இருக்கிறது. அவ்வளவு நெருக்கம். முழங்கை எட்டும் தூரம் என்றால், எதிராளியின் மூச்சு நம்மேல் படும் தூரம். சட்டையைப் பிடித்தல், தோளைத் தள்ளுதல், கழுத்தை நெரித்தல் என்று உண்மையான வன்முறை நிகழும் தூரமும் அதுதான். ஃபுனாகோஷி மூன்று நைஹான்ச்சி கட்டாக்களைக் கற்கவே பத்தாண்டுகள் செலவிட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நைஹான்ச்சியையே தம் கலையின் உயிராகக் கொண்ட மோட்டோபு சோகி, 1926-இல் வெளியிட்ட நூலில் இருவர் பயிற்சிகளைப் படங்களோடு பதிவு செய்தார். இரு கைகளும் கணவன் மனைவிபோல் எப்போதும் சேர்ந்தே இயங்க வேண்டும் என்று பொருள்படும் ‘மெயோட்டோதே’ என்ற சொல்லை அவரோடு சேர்த்தே நினைவுகூர்வார்கள். ஒரு கை பற்றும்போது மறு கை அடிக்கிறது. அடித்த கை உடனே பற்றுகிறது. எந்தக் கையும் சும்மா இருப்பதில்லை.

‘உகே’ என்ற சொல்லையும் இப்படியே திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். வகுப்புகளில் அதை ‘பிளாக்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஜப்பானிய வினைக்கு ‘ஏற்றுக்கொள்’, ‘வாங்கிக்கொள்’ என்றே பொருள். வரும் கையைச் சுவர்போல நின்று தடுப்பது வேறு, அதை ஏற்று, வழிதிருப்பி, பற்றிக்கொள்வது வேறு. பின்னதற்கு எதிராளியின் விசை நம் தோலில் படும் கணத்திலேயே புலப்பட வேண்டும். அந்த உணர்வை வளர்க்கக் கோஜு-ரியுவில் ‘காகிஏ’ என்ற பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து, ஒருவர் தள்ள, மற்றவர் ஏற்று இழுத்து, பிறகு தாம் தள்ள, மெதுவாக வட்டம் சுழலும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். தொடங்கிய வாரங்களில் தோள் இறுகி வலிக்கும். சில மாதங்கள் கழிந்தபின், அடுத்தவர் தள்ள நினைக்கும்போதே அவர் முழங்கையில் எழும் சிறு இறுக்கம் நம் மணிக்கட்டுக்கு எட்டிவிடும். மாவுபோல ஒட்டிக்கொண்டு விலகாத இந்தத் தன்மையை ஒகினாவா மொழியில் ‘முச்சிமி’ என்கிறார்கள்.

கருவிகளைக் கொண்டு உடலைத் திடப்படுத்தும் பயிற்சிகளும் உண்டு. ஒரு முனையில் கல் பொருத்திய கோல், வாய்விளிம்பை விரல்நுனியால் கவ்விப் பிடித்து நடக்கும் மண்ஜாடி என்று அவை எளியவை. ஜாடியில் நாளாக ஆக மணலைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பிடி அதனோடு வளரும். இவற்றில் தலையாயது மகிவாரா. தரையில் ஊன்றிய பலகை அது. மேலே போகப் போக மெலிந்து, நெஞ்சு உயரத்தில் வைக்கோல் கயிறு சுற்றப்பட்டிருக்கும். முஷ்டியின் முதல் இரண்டு விரல் மொளிகள் படும்படி அதைக் குத்த வேண்டும். கைகளைக் கல்லாக்குவதற்கான கருவி இது என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் ஓர் ஆசிரியர். காற்றில் குத்தும்போது எல்லாருடைய குத்தும் நன்றாகவே தோன்றும். மகிவாராவில் மணிக்கட்டு சிறிது வளைந்திருந்தாலும் வலி சொல்லிவிடும்; தோள் உயர்ந்திருந்தால் பலகை வளையாது; குதிகால் தரையைப் பற்றவில்லை என்றால் நாம்தான் பின்னே தள்ளப்படுவோம். ஒவ்வொரு கைக்கும் நூறு, இருநூறு முறை குத்திப் பழக வேண்டும் என்று இத்தோசு எழுதினார். தொடங்குபவருக்கு இருபது மென்மையான குத்துகள் போதும். எலும்பு வளரும் வயதிலுள்ள சிறுவர்களை மகிவாராவில் கடுமையாகக் குத்தச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.

நாஹா வழியின் அடித்தளம் சன்சின் என்ற கட்டா. ‘மூன்று போர்கள்’ என்று பெயருக்குப் பொருள். கால்விரல்கள் சற்றே உள்நோக்கித் திரும்ப, தொடைகள் உள்ளிழுத்து இறுக, முதுகுத்தண்டு நேராக நிற்க, மூக்கால் இழுத்த மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி மெல்ல வெளியே விட்டபடி சில அடிகள் மட்டுமே நகரும் கட்டா. பார்ப்பவருக்கு அதில் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஆசிரியர் சுற்றிவந்து தோளிலும் விலாவிலும் தொடையிலும் உள்ளங்கையால் தட்டிச் சோதிப்பார். அடி விழும் இடத்துக்கு மனம் ஓடினால் மூச்சு அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் நிலை தளரும். தட்டு விழுந்தாலும் மூச்சு தன் போக்கில் போக வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி முக்காமல், வாய் திறந்து இயல்பாக விட்டுச் செய்வது அவசியம். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது.

இதைப் பழகியவருக்கு ஏற்படும் மாற்றத்தை நான் மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன். தெருவில் ஒருவன் கத்திக்கொண்டு முகத்துக்கு நேரே விரலை நீட்டும்போது, நெஞ்சு படபடத்து, மூச்சு மேலேறி, காது அடைத்துக்கொள்வது இயற்கை. அந்த நிலையில் கற்ற உத்தி எதுவும் நினைவுக்கு வராது. அடி விழும்போதும் மூச்சைக் கீழே வைத்திருக்க ஆயிரம் முறை பழகிய உடலுக்கு, அந்த நேரத்தில் ஒரு நொடி அவகாசம் கிடைக்கிறது. அந்த ஒரு நொடியில்தான் “மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணே” என்று சொல்லி விலகிப் போக முடிகிறது. அல்லது போக வழியில்லை என்று கண்டு செயல்பட முடிகிறது. தற்காப்பு, மனவளர்ச்சி என்று இரண்டு பயன்களைத் தனித்தனியாக விளம்பரத்தில் எழுதுகிறார்கள். பயிற்சியில் அவை ஒரே தசையில், ஒரே மூச்சில் வளர்வதையே நான் பார்த்திருக்கிறேன்.

கராத்தேயில் முதல் அடி இல்லை என்பது ஃபுனாகோஷி விட்டுச்சென்ற புகழ்பெற்ற வாசகம். அடி வாங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதல்ல அதன் பொருள் என்று ஆசிரியர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். சண்டையை நாம் தொடங்குவதில்லை, சொல்லாலும் பார்வையாலும்கூடத் தூண்டுவதில்லை என்பதே அதன் கரு. ஆகவே தற்காப்பின் பெரும்பகுதி கை ஓங்கப்படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: எந்த வழியில் போகிறோம், யார் எவ்வளவு அருகில் வருகிறார்கள், வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்திருப்பது. அதையும் மீறி ஒருவன் பற்றிவிட்டால், பற்றிய கையை விடுவித்து, தேவைப்பட்டால் ஓர் அடி கொடுத்து, ஓடிவிடுவது. நின்று வெல்வது நோக்கமல்ல. கத்தி வைத்திருப்பவனை வெறுங்கையால் எளிதில் அடக்கலாம் என்று எந்த வகுப்பு காட்டினாலும் நம்பாதீர்கள். கேட்டால் பணப்பையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர் நன்றாகவே தற்காத்துக்கொண்டார்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் தொங்கும் சான்றிதழ்களைவிட, ஒரு நாள் மூலையில் உட்கார்ந்து பார்ப்பது அதிகம் சொல்லும். கட்டாவின் ஓர் அசைவைக் காட்டி “இது எதற்கு?” என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் ஒருவரை முன்னே அழைத்துச் செய்து காட்டுகிறாரா? இருவராகப் பழகும் நேரம் இருக்கிறதா, அதில் எதிராளி உண்மையாகவே பிடித்து எதிர்க்கிறாரா, அல்லது தாமே விழுந்து கொடுக்கிறாரா? பெண்களும் வயதானவர்களும் அச்சமின்றிப் பழகுகிறார்களா? ஒகினாவாவில் எழுபது, எண்பது வயதிலும் டோஜோவுக்கு, அதாவது பயிற்சிக் கூடத்துக்கு, வருபவர்கள் உண்டு. அங்கே நிலைகள் பொதுவாக உயரமாக இருப்பதால் முழங்கால் நீண்ட நாள் தாங்குகிறது. ஓராண்டில் கருப்பு பெல்ட் என்று உறுதி தரும் இடத்தில் பெல்ட் கிடைக்கும், கராத்தே கிடைக்குமா என்பது ஐயமே. ஒரு கட்டாவுக்கு மூன்றாண்டு என்பது பழைய வழக்கு. அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்றாலும், முதல் ஆண்டில் இரண்டே கட்டாக்களைச் சொல்லித்தரும் ஆசிரியர் உங்களை ஏமாற்றவில்லை என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்.

முதல் மாதங்கள் சலிப்பாக இருக்கும். நிற்பது, நடப்பது, குத்துவது, தலைவணங்குவது, முடிந்தபின் தரையைத் துடைப்பது என்று அதே சுற்று திரும்பத் திரும்ப வரும். கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்று ஃபுனாகோஷி தம் இருபது நெறிகளில் முதலாவதாக வைத்ததை இந்த நாள்களில்தான் உடல் கற்கிறது. நம்மை அடிக்கக்கூடிய தூரத்தில் நிற்பவர் அடிக்காமல் நிறுத்துகிறார் என்ற நம்பிக்கையில்தான் நாம் பயில்கிறோம். வணக்கம் அந்த நம்பிக்கைக்கு இருவரும் போடும் கையெழுத்து.

வகுப்பில் சேரும் முன்பே இதை வீட்டில் செய்து பார்க்கலாம். தம்பியையோ தோழியையோ எதிரே நிற்கச் சொல்லி, உங்கள் சட்டையின் மார்புப் பகுதியை வலது கையால் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பற்றி, சற்றே திருப்பி, உங்கள் இடது விலாவை நோக்கி மெதுவாக இழுங்கள். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பையும் சேர்த்துத் திருப்புங்கள். அவர் தோள் தாழ்ந்து, தலை முன்னே வந்து, இடது கை உங்களை எட்ட முடியாமல் பின்தங்குவதைப் பாருங்கள். உங்கள் வலது கைக்கு எதிரே இப்போது என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிறகு விட்டுவிட்டு, இடம் மாறி, உங்கள் கையை அவரிடம் கொடுங்கள்.